தமிழிளைஞர்க்கு ஒரு பாய்மரக் கப்பல் வேண்டும்!

அணுவாற்றலால் இயங்கும் கப்பல்கள் கடலைக் கிழித்தோடும் இக்காலத்தில் பாய்மரக் கப்பலைப் பற்றிப் பேசுவது பழங்கதை பேசுவதாகச் சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறு எண்ணுவோர் முன்னேறிய நாடுகளைச் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். இத்தாலியக் கடற்படை மாணவர்கள், 1931-இல் கடலில் இறக்கப்பட்ட 'அமெரிகோ வெசுப்புச்சி' என்னும் பாய்க்கப்பலில் இன்றும் பயில்கின்றனர். சப்பானியரோ 1984-இலும் 1989-இலும் 'நிப்பான் மாரு', 'கைவோ மாரு' என்னும் இரு பாய்க்கப்பல்களைப் புதிதாகவே கட்டிக்கொண்டனர். பொறித்தொழிலில் உலகையே வென்ற சப்பானியர்க்குப் பொறிக்கப்பல் கட்டத் தெரியாமலா பாய்க்கப்பல் கட்டினர்?

பொறிக்கப்பல், கடலை மறக்கச் செய்யும். பாய்க்கப்பலோ கடலைக் கற்பிக்கும். காற்று எவன் ஏவலுக்கும் பணியாது. அதன் போக்கையும், நீரோட்டத்தையும், முகிலின் நிறத்தையும் அறிந்தவனே பாய்க்கப்பலை நடத்த முடியும். கீழே கயிறு பிடிப்பவன் நொடிப்பொழுது சோர்ந்தால், மேலே பருமலின்மீது நின்று பாய் சுருட்டுவோர் உயிருக்கே இடராகும். ஆகவே அங்கே சோம்பலுக்கும் தன்னலத்துக்கும் இடமில்லை. குலம் கேட்டுக் கயிறு பிடிப்பாருமில்லை. துணிவு, கட்டொழுங்கு, தோழமை ஆகிய மூன்றும் ஏட்டில் படித்து வருவன அல்ல. உப்புக்காற்றில் உழைத்து வருவன. பிற்காலத்தில் பெரும்பொறிக் கப்பலை நடத்தப்போகும் இளைஞனுக்கும் இதுவே அடிப்படைப் பயிற்சி.

தமிழர் சிறப்பாகக் கருத வேண்டிய எடுத்துக்காட்டு, போலந்து நாடு. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் அந்நாடு மூன்று வல்லரசுகளால் கூறுபோடப்பட்டுக் கிடந்தது. நாடு மீண்டதும் 1920-இலேயே திசெவ் நகரில் கடற்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1929-இல் பொமோர்சா நிலப்பகுதி மக்கள் திரட்டிக் கொடுத்த பொருளைக் கொண்டு, 1909-இல் செருமனியில் கட்டப்பட்ட பழைய பாய்க்கப்பல் ஒன்றை வாங்கினர். 'பொமோர்சாவின் கொடை' என்னும் பொருளில் அதற்குத் 'தார் பொமோர்சா' என்று தம் மொழியிலேயே பெயரிட்டனர். 1934-35-இல் அது ஞாலத்தையே சுற்றி வந்தது. 1982 வரை பணியாற்றி, பல்லாயிரம் இளைஞரைக் கடலோடிகளாக்கியது. அதற்கு மாற்றாகத் தம் நாட்டிலேயே கட்டிய கப்பலுக்கு 'இளைஞர் கொடை' என்று பெயர் வைத்தனர். அதற்கும் பொதுமக்கள் பொருள் தந்தனர்.

அவர்கள் கப்பலை மட்டுமா மீட்டனர்? மொழியையும் மீட்டனர்! அடிமைக் காலத்தில் போலந்துக் கடலோடி, செருமானியக் கப்பலிலும் உருசியக் கப்பலிலும் அவ்வவர் மொழியில் ஏவல் கேட்டுப் பழகியவன். அந்நிலையை மாற்றப் போலந்து மொழியில் கடற்கலைச் சொற்களை ஆக்குவதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் மரியுசு சருசுக்கி. படைத்தலைவராகவும் பாவலராகவும் விளங்கிய அவர், தம் முதுமையிலும் சாரணர் பாய்க்கப்பலில் இளைஞர்க்குப் பயிற்சியளித்தார். 1941-இல் சோவியத்துச் சிறையில் உயிர்நீத்தார். கப்பலும் மொழியும் கைகோத்துச் சென்றதால்தான் அந்நாட்டுக் கடற்கல்வி வேரூன்றியது.

இளைஞரைக் கடலுக்கு விடுவது இடரன்றோ என்பர் சிலர். இடர்தான். தென்மார்க்கு நாட்டின் 'கியோர்கு இசுடாகே' என்னும் பயிற்சிக் கப்பல் 1905-இல் ஆங்கிலேய நீராவிக் கப்பல் மோதி மூழ்கியதில் 22 சிறுவர் மாண்டனர். அம்மக்கள் அழுதனர், ஆனால் அஞ்சிப் பின்வாங்கினாரில்லை. அக்கப்பலையே மேலே தூக்கிச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டினர். பின்னர் அதே பெயரில் புதிய கப்பலும் கட்டினர். 1957-இல் செருமனியின் 'பாமிர்' புயலில் மூழ்கியபோது 86 பேரில் அறுவரே பிழைத்தனர். அடுத்த ஆண்டே செருமானியர் புதிய பாய்க்கப்பலைக் கடலில் இறக்கினர். பிழை எதுவென ஆராய்ந்து கப்பலின் உறுதியைப் பெருக்கினர். இழப்புக்கு அஞ்சிக் கரையில் முடங்கிய இனம் எதுவும் கடலை ஆண்டதில்லை.

இனித் தமிழர் நிலையைக் காண்போம். காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியோன் வழிவந்தவன் எனக் கரிகாலனைப் புறநானூற்றில் பாடினார் வெண்ணிக்குயத்தியார். அதை மேடைதோறும் முழங்குவோர் மிகப் பலர். அக்காற்றை இன்று ஆளக் கற்றவர் எத்தனை பேர்? பழங்காலம் கிடக்கட்டும். 1906-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் கப்பற் கழகம் தொடங்கியபோது, வணிகத்தோடு, கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் மண்ணின் மக்களுக்குக் கற்பிப்பதையும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். வெள்ளையர் அவரைச் சிறையிலடைத்தனர். வெள்ளையர் போன பின்னும் அந்நோக்கம் ஈடேறவில்லை. ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், வல்வைக் கடலோடிகளின் உழைப்பால் 1938-இல் அமெரிக்காவின் குளோசுட்டர் துறையை அடைந்தது. அத்தகைய கைகள் தமிழர்க்கு இருந்தன. அக்கைகளுக்கு அரசும் பள்ளியும் இல்லை.

தூத்துக்குடித் தோணிகள் பாயிறக்கிப் பொறி பூட்டிக்கொண்டன. அவற்றோடு பருமல், தாமான், ஆஞ்சான், அணியம், நீவாடு, கச்சான், கொண்டல் என நூற்றுக்கணக்கான சொற்களும் முதிய தண்டல்களின் நாவோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முதியவரின் சாவும் ஓர் அகராதியின் சாவு!

இந்தியக் கடற்படை 1997-இல் 'தரங்கிணி'யையும் 2012-இல் 'சுதர்சினி'யையும் பணியிற் சேர்த்தது. இரண்டும் கோவாவில் கட்டப்பட்டுக் கொச்சியில் நிலைகொண்டவை, பெயர்களோ வடமொழி. 2008-இல் அமைந்த கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னை. நுழைவுத் தேர்வும் கல்வியும் ஆங்கிலத்தில். அலையிலே பிறந்து வளர்ந்த மீனவன் மகன், கடலறிவில் முதல்வனாக இருந்தும் மொழியால் வாயிற்படியிலேயே தடுக்கப்படுகின்றான்.

பன்னாட்டுக் கடலில் ஆங்கிலம் இன்றியமையாததன்றோ எனக் கேட்பர். கப்பலோடு கப்பல் பேச அது வேண்டும், கற்கட்டும். போலந்தியரும் சப்பானியரும் அதற்காகக் கற்கின்றனர். ஆனால் தம் கயிற்றுக்கும் பாய்க்கும் தம் மொழியிலேயே பெயர் சொல்கின்றனர்.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. தமிழ்நாட்டரசு ஒரு பங்கும் பொதுமக்கள் ஒரு பங்குமாகப் பொருள் திரட்டிப் பயிற்சிப் பாய்க்கப்பல் ஒன்றைக் கட்டுதல் வேண்டும்; அதன் ஏவற்சொற்கள் யாவும் தமிழாதல் வேண்டும்; கடலோரக் குடிகளின் பிள்ளைகட்கு அதில் முதலிடம் வேண்டும். கப்பல் எழும்புமுன்னரே தொடங்கத்தக்க பணியும் ஒன்றுண்டு. கடலோர ஊர்களின் தமிழாசிரியரும் மாணவரும் முதிய தண்டல்களை நாடிச் சென்று அவர்தம் சொற்களை எழுதித் தொகுத்தல் வேண்டும். அதற்கு அரசாணை வேண்டா; ஒரு சுவடியும் தமிழுள்ளமும் போதும்.

இளைஞர் கையில் கயிற்றைக் கொடுங்கள். நாவில் தமிழைக் கொடுங்கள். கடல் அவர்களைக் கைவிடாது!