வேங்கைவயல் எந்தப் பாடத்தில் வரும்?

2022 டிசம்பர். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். கோயிலுக்குள் தலித்துகளுக்கு இடமில்லை என்பதையும் கண்டார்கள். (கடைசியில் சிபிசிஐடி அதே குடியிருப்பின் மூன்று இளைஞர்களைக் குற்றவாளிகளாக்கியது தனிக்கதை.)

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கிய ஒருவர் இதை 'குடிநீர் மாசு, குளோரின் போடவும்' என்று எழுதிவிட்டுப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் இந்தியாவில் எம்.பி.எச். படிப்புக்கென்று தனி அங்கீகார அமைப்பே இல்லை. யுஜிசி பட்டத்தை ஏற்கிறது. நாக் மொத்தக் கல்லூரியையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. அந்த லட்சணத்தையும் 2025 பிப்ரவரியில் பார்த்தோம்: லஞ்ச வழக்கில் நாக் ஆய்வுக்குழுத் தலைவரையே சிபிஐ கைது செய்தது. ஒன்றிய அரசு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் வெறும் மாதிரிதான்.

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கென்றே 1974 முதல் ஒரு அங்கீகாரக் கவுன்சில் இருக்கிறது. எம்.பி.எச். மாணவர் பெறவேண்டிய 22 அடிப்படைத் திறன்களை அது வரையறுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, நிறவெறியும் சமூக ஏற்றத்தாழ்வும் உடல்நலத்தை எப்படிச் சிதைக்கின்றன என்று விளக்கத் தெரிவது. இதை எந்த வகுப்பில் நடத்துகிறாய், எப்படித் தேர்வு வைக்கிறாய் என்று கல்லூரி காட்டியாக வேண்டும். அதனால் அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தொடாமல் அங்கீகாரம் பெற்ற பட்டம் தர முடியாது. இங்கே சாதியைத் தொடாமல் தரலாம். மலக்குழி மரணத்தைத் 'தொழில்சார் விபத்து' என்று ஒரே வரியில் கடந்துவிட்டும் தரலாம்.

'நீட் மாதிரி இன்னொரு வாசற்காவலா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் நீட் வடிகட்டுவது மாணவரை. அங்கீகாரம் சோதிப்பது கல்லூரியை. ஆசிரியரே இல்லாத துறையில் படித்தாலும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் தொடர்புகள் இருக்கின்றன. கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தக் காகிதம் மட்டும்தான்.

ஆகவே அமைப்பு வேண்டும். அதன் ஆய்வுக்குழுவில் தலித், பழங்குடி அறிஞர்கள் உட்கார வேண்டும். ஆசிரியர்களில் எத்தனை பேர் எந்தப் பிரிவினர், களப்பணி ஊரோடு முடிகிறதா, சேரிக்கும் போகிறதா என்று அது கேட்க வேண்டும். அறிக்கை பொதுவெளிக்கு வரவேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டு சேரப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம் கேளுங்கள்: வேங்கைவயல் எந்த செமஸ்டரில் வரும்?