முகட்டுக் கயிறுக்குப் பாராகார்டா? ஆளை விடுங்க!

மக்களே, கேம்பிங் கிளம்பும் யாரைக் கேட்டாலும் ஒரே மந்திரம்தான்: "பாராகார்டு வாங்கிக்கோ, 250 கிலோ தாங்கும்." தாங்கட்டும் சாமி! அதில் யானையையா கட்டப் போறீங்க?

விஷயம் புரியாதவர்களுக்கு: இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு இழுத்துக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, இருபுறமும் கூரை மாதிரி இறக்கிக் கட்டினால் ஒதுங்க இடம் ரெடி. அந்த நடுக்கயிறுதான் முகட்டுக் கயிறு. அதன் முக்கிய வேலை தொய்யாமல் இருப்பது. ஒரு தார்ப்பாயின் பாரத்துக்கு அறுந்துபோகாமல் இருக்க சாதாரணக் கயிறே போதும்.

பாராகார்டு என்பது நைலான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட்டுகளுக்குப் பயன்பட்டது. அமெரிக்க ராணுவத் தர விதிப்படி, அறுவதற்கு முன் அது குறைந்தது 30 சதவீதம் நீள வேண்டும். பாராசூட் பட்டென்று விரியும்போது கயிறு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அங்கே அது வரம். இங்கே சாபம். போதாக்குறைக்கு, நைலான் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் இன்னும் தளரும். அதாவது, எந்த மழைக்காகக் கூரை போட்டோமோ, அந்த மழையிலேயே காலை வாரும்!

"கொஞ்சம் நீண்டா என்ன குடியா முழுகிடும்?" என்பவர்களுக்குப் பள்ளிக்கூடத்து பிதாகரஸ் தேற்றம். மரங்களுக்கு இடையே 6 மீட்டர். கயிறு 1 சதவீதம், வெறும் 6 சென்டிமீட்டர் நீள்கிறது. பாதி இடைவெளி 3 மீட்டர், பாதிக் கயிறு 3.03 மீட்டர். நடுவில் பாரம் இழுத்தால் தொய்வு 42 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழம்! அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கும், பாரம் கூடும், இன்னும் தொய்யும். கடைசியில் மொத்தமும் தூங்குகிறவன் மூஞ்சியில்.

"அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக்கலாமே?" இறுக்கலாம். நடுராத்திரி, கொட்டும் மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. "உள்ளே இருக்கும் இழைகளை உருவித் தையல் போடலாமே?" தாராளமாக. அதற்கு ஒரு துண்டு பையில் கிடக்கட்டும். மூலைக் கயிறுகளுக்கும் கட்டிக்கொள்ளுங்கள். காற்று இழுக்கும்போது கொஞ்சம் கொடுத்து வாங்குவது அங்கே நல்லதுதான். முகட்டுக்கு மட்டும் வேண்டாம்.

அப்போ எது? 3 அல்லது 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு. தண்ணீரை அனேகமாகக் குடிக்காது, நைலானைவிட மிகக் குறைவாக நீளும், வெயிலையும் தாங்கும். டைனீமா இன்னும் குறைவாக நீளும்தான்; ஆனால் விலை அதிகம், வழவழப்பில் முடிச்சு நழுவும்.

கடையில் உஷார்! பிளாஸ்டிக் கயிறு எல்லாமே "நைலான் கயிறு" என்ற ஒரே பேரில்தான் வரும். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலானும் இல்லை, பாலியஸ்டரும் இல்லை. அடுத்து, 2 மீட்டர் துண்டை நனைத்து, ஒரு பக்கெட் தண்ணீரைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பாராகார்டையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

அதுக்கு அப்புறமும் "250 கிலோ" என்று யாராவது ஆரம்பித்தால், ஒன்றும் பேசாமல் அந்த பக்கெட்டைக் காட்டுங்கள்.