எதிர்காற்றும் பின்காற்றும்

ஆடி மாதத்தில் மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் தென்மேற்குக் காற்று வலுத்து வீசும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு மிதிவண்டியில் வருவோர்க்கு அக்காற்று துணை. திரும்பிச் செல்வோர்க்கு அதுவே தடை. விண்ணில் செல்லும் விமானத்திற்கும் இந்நிலை உண்டு. பின்னிருந்து தள்ளுவது பின்காற்று. முன்னின்று தடுப்பது எதிர்காற்று. போகும்போது கிடைத்த ஆதாயமும் திரும்பும்போது நேர்ந்த இழப்பும் சமமாகிவிடும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது.

மதுரைக்கு வடகிழக்கே சென்னை உள்ளது. வான்வழித் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கணக்கின் எளிமை கருதி 400 எனக் கொள்க. விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் ஆகுக. காற்றே இல்லையெனில், போக 48 நிமிடம், திரும்ப 48 நிமிடம். ஆக 96 நிமிடம்.

இனி, சென்னையை நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்க. போகும் வேகம் 600. நேரம் 40 நிமிடம். திரும்பும் வேகம் 400. நேரம் 60 நிமிடம். மொத்தம் 100 நிமிடம். ஆதாயம் 8 நிமிடம். இழப்போ 12 நிமிடம்!

இதற்குக் காரணம் யாது? வேகத்தில் கூடியதும் குறைந்ததும் ஒரே அளவுதான். ஆயினும், காற்று துணை நின்றது 40 நிமிடமே; தடுத்து நின்றதோ 60 நிமிடம். காற்றின் வேகமும் 500 ஆகிவிட்டால், 24 நிமிடத்தில் சென்னையை அடையலாம். மதுரைக்குத் திரும்பவோ ஒருகாலும் இயலாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. எரிபொருள், கடந்த தொலைவைப் பார்த்துச் செலவாவதில்லை. பறந்த நேரத்திற்கேற்பவே செலவாகிறது. இரண்டும் சமமாகிவிடும் என நம்பி எரிபொருளை அளந்தால், பயணிகளின் உயிருக்கே ஊறு நேரும். ஆதலின், மேல்வானக் காற்றின் திசையும் வேகமும் அறிந்து, தேவைக்கு மேலும் எரிபொருள் கொண்ட பின்னரே விமானிகள் புறப்படுகின்றனர்.

எதிர்காற்று எப்போதும் பகையும் அன்று. மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேல்காற்று வீசுங்கால் விமானம் மேற்கு நோக்கி ஓடி எழுதலே நலம். எதிர்காற்று இறக்கைகளைத் தாங்குவதால், குறைந்த ஓட்டத்திலேயே அது மேலெழும்.

கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி காண்பது எளிது. ஆனால், எதற்குச் சராசரி காண்கிறோம் என்று ஆராய்வதே அறிவுடைமை. வாய்பாட்டை மனனம் செய்தவர் தேர்வில் வெல்லலாம். காரணம் அறிந்தவரிடமே பிறர் உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.