பிள்ளையின் தூக்கம் யார் பொறுப்பு?

இடம்பெயர்ந்த குடும்பத்தவரிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால் வீடு, மரக்கறித் தோட்டம், மாடு, அடையாள அட்டை என்று வரிசையாகச் சொல்வார்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் தூக்கத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் நுவரெலியா மாவட்டத்தைத் தாக்கிய பின்னர், மண்டபங்களிலும் உறவினரின் லயக் காம்பராக்களிலும் படுத்தெழும்பிய தாய்மாரிடம் நாம் அடிக்கடி கேட்ட முறைப்பாடு, "புள்ள ராத்திரியில தூங்குதே இல்ல" என்பதுதான். பயந்த கோளாறு என்று கயிறு கட்டினார்கள். கட்டட்டும், அதில் எமக்குச் சண்டையில்லை. ஆனால் கயிற்றோடு இன்னொன்றும் வேண்டும்.

சின்னப் பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் தெரியும். அடுப்படிச் சூடு, கால் கழுவிய வெந்நீர், சோறு, சேலைத் தொட்டில், அம்மாவின் குரல் என்று அதே வரிசை வந்தால் அடுத்தது தூக்கம் என்று அதன் உடம்பே அறிந்துகொள்ளும். வீடு போனபோது இந்த வரிசையும் போய்விட்டது.

வீடு இழக்காதவர்கள் மட்டும் இதில் தப்பியவர்களா? லிந்துலைத் தோட்டமொன்றின் கணக்கைப் பார்ப்போம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் வரை தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. அம்மா பிரட்டுக்குப் போகவேண்டும் என்பதால் பிள்ளையை ஐந்தரைக்கே எழுப்புகிறோம். பிள்ளைக்காம்பராவில் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரவு எட்டரைக்காவது அது தூங்கியிருக்க வேண்டும். ரீவியை நிறுத்துவதோ பத்து மணிக்கு! நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் கடன். மூடுபனிக்குள் கம்பளி சுற்றித் தோளில் தூக்கிப் போகும்போது தலை தொங்கிக் கிடக்கும் பிள்ளை அந்தக் கடனைத்தான் சுமக்கிறது.

வளர்ச்சிக்கான சுரப்பு அதிகமாக ஊறுவது ஆழ்ந்த தூக்கத்தில்தான். பகலில் கேட்ட புதுச்சொல் மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். தூக்கம் போதாத பிள்ளை எப்போதும் சோர்ந்து கிடப்பதில்லை. ஓடும், கடிக்கும், எடுத்ததற்கெல்லாம் அழும். நாமோ அடங்காப்பிடாரி என்று முதுகில் இரண்டு வைக்கிறோம்.

2009இல் 405 தாய்மாரையும் அவர்களது சிறு பிள்ளைகளையும் வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குளிப்பாட்டுதல், உடம்பு தடவிவிடுதல், பிறகு தாலாட்டுப் போன்ற அமைதியான காரியம் என்று ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கில் செய்தபோது, இரண்டே கிழமையில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடு இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனமும் தேறியது. எமது அம்மாயிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்! லிந்துலைக் குளிரில் இரவில் குளிப்பாட்டத் தேவையில்லை. முகம், கை, கால்களை வெந்நீரில் துடைத்தாலே போதும்.

தேயிலையால் பிழைக்கும் நாமே சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம்: அந்திநேரத்தில் சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்த வேண்டும். அது தூக்கத்தைக் கலைக்கும். சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதையும் தடுக்கும்.

இதையெல்லாம் அம்மாவின் தலையில் கட்டிவிடுவது எமக்குச் சம்மதமில்லை. கொழுந்து கிள்ளி, விறகு சுமந்து, சமைத்து முடிக்கும்போதே அவளுக்கு எட்டு மணியாகிவிடுகிறது. வெந்நீர் வைத்துக் கால் துடைத்து, தோளில் போட்டுக் கதை சொல்ல அப்பாவுக்கும் கை இருக்கிறது, வாய் இருக்கிறது. லயத்துச் சுவர் சத்தத்தை மறிக்காது; ஆகவே பக்கத்துக் காம்பராக்காரருக்கும் இதில் பங்குண்டு.

குடும்பங்களை மண்டபங்களில் தங்கவைப்போரிடமும் கேட்கிறோம். கைப்பிள்ளை உள்ள குடும்பங்களை ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். இரவு எட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்து விளக்கை அணையுங்கள். பெயர் பதிவதையும் சாமான் பங்கிடுவதையும் பகலில் முடித்துவிடுங்கள். புது வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர்கள், அடுப்புப் புகையும் ரீவிச் சத்தமும் எட்டாமல் பிள்ளையைக் கிடத்த ஓர் அறை எங்கே என்று எமக்குக் காட்டட்டும்.