மகுடம் சூடாத மூதாட்டிக்கும் திரையில் இடம் வேண்டும்

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஜூடி டென்ச்சின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றபோது அவருக்கு வயது 63. அடுத்த 24 ஆண்டுகளில் மேலும் ஏழு முறை அவர் பெயர் அதில் வந்தது. கடைசியாக 2022-ல், ‘பெல்ஃபாஸ்ட்’ படத்துக்காக வந்தபோது வயது 87. பிரிட்டிஷ் திரையுலகம் இதைப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறது. பெருமிதத்துக்கு இடமிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால், திரைப்படத் தயாரிப்பாளர்கள் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 63 வயது வரை இந்த நடிகையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அவர் எங்கோ ஒளிந்திருக்கவில்லை. 1934-ல் யார்க் நகரில் பிறந்த டென்ச், 1957-ல் ஓல்டு விக் நாடகக் குழுவில் ஒஃபீலியாவாக மேடையேறினார். 1964-ல் ‘தி தேர்டு சீக்ரெட்’ மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே வந்த ‘ஃபோர் இன் த மார்னிங்’, நம்பிக்கை தரும் புதுமுகம் என்ற விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது. இருந்தும் அந்தக் காலத்தில் ஒரு பட இயக்குநர், அவருடைய முகத்தில் எல்லாமே தப்பாக இருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னதை டென்ச் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முப்பது வயதைத் தொடாத ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்ட தீர்ப்பு அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெரிய திரையும் அந்தத் தீர்ப்பின்படியே நடந்துகொண்டது.

இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 1985-ல் ‘எ வியூ டு எ கில்’ படத்தில் ரோஜர் மூர் தம் 57-வது வயதில் ஜேம்ஸ் பாண்டாக நடித்தார். கதாநாயகி அவரைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர். அதே ஆண்டு ‘எ ரூம் வித் எ வியூ’ படத்தில் 50 வயது டென்ச்சுக்குக் கிடைத்தது, கதையின் ஓரத்தில் வந்துபோகும் ஒரு நாவலாசிரியை வேடம். இரண்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு இணையாக அவர் கிளியோபாட்ராவாக நின்றார். ரோமாபுரியின் தளபதியைக் கிறங்கடித்த பேரழகியாக 52 வயதுப் பெண்ணை மேடை ஏற்றுக்கொண்டது. அதற்காக ஆலிவியர் விருதும் கொடுத்தது. ஐம்பது வயதுப் பெண்ணைக் காதலியாக ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற பேச்சு, அந்த அரங்கில் ஒவ்வோர் இரவும் பொய்யாகிக்கொண்டிருந்தது.

சினிமா கைவிட்ட அந்த ஆண்டுகளில் டென்ச்சைக் காப்பாற்றியது எது என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் நேஷனல் தியேட்டரும் அரசு மானியத்தில் நடப்பவை. பிபிசி, வீட்டுக்கு வீடு மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. 1966-ல் பிபிசி ஒளிபரப்பிய ‘டாக்கிங் டு எ ஸ்ட்ரேஞ்சர்’ நான்கு நாடகங்களின் தொகுப்பு. ஒரே வார இறுதியில் ஒரு குடும்பத்தில் நடப்பதை மகள், தந்தை, மகன், தாய் என நால்வரின் கண்கள் வழியே அது காட்டும். ஒரு பகுதியில் வெடுக்கென்று கேட்ட சொல், அடுத்த பகுதியில் வேறொருவர் பக்கமிருந்து கேட்கும்போது காயமாகத் தெரியும். மகள் டெர்ரியாக நடித்த டென்ச், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே உள்ளே உடைந்துகொண்டிருக்கும் பெண்ணை அப்படியே கொண்டுவந்தார். விளம்பரதாரரைத் திருப்திப்படுத்த வேண்டிய எந்த நிறுவனமும் அன்று இதற்குத் துணிந்திருக்காது.

பிறகு ஹரால்டு பின்ட்டர் திரைக்கதையில் ‘லாங்ரிஷ், கோ டவுன்’, கணவர் மைக்கேல் வில்லியம்ஸோடு ‘எ ஃபைன் ரொமான்ஸ்’, 1992 முதல் 2005 வரை ‘ஆஸ் டைம் கோஸ் பை’ எனச் சின்னத்திரையே அவருடைய களம். அவரை நன்றாக அறிந்த இயக்குநரையும் சின்னத்திரையே கொடுத்தது. 1983-ல் ‘சைகோன்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் அவரை இயக்கிய ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ்தான், பின்னாளில் ‘மிஸஸ் ஹெண்டர்சன் பிரசன்ட்ஸ்’, ‘ஃபிலோமினா’, ‘விக்டோரியா அண்ட் அப்துல்’ மூன்றையும் எடுத்தார்.

அறுபதாவது வயதில், 1995-ல், ‘கோல்டன்ஐ’ வந்தது. உளவுத்துறைத் தலைவர் ‘எம்’ பாத்திரம் அதுவரை ஆண்களுடையது. அதில் ஒரு காட்சி: அலுவலக அறையில் பாண்டுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பனிப்போர் காலத்தின் மிச்சமான, பெண்களை மதிக்கத் தெரியாத தொல்விலங்கு என்று அவரை முகத்துக்கு நேராகச் சொல்கிறார். குரலை உயர்த்தவில்லை. முப்பதாண்டுப் பாண்ட் படங்களின் ஆணவத்துக்குப் பாண்ட் படமே கேள்வி கேட்ட அந்த நிமிடம், கதையின் போக்கையே திருப்பியது. ஏழு படங்களில் அவர் ‘எம்’. ஏழாவதான ‘ஸ்கைஃபால்’ (2012) முழுக்கவே எம்-மின் கதை. வில்லனின் வெறுப்பும் பாண்டின் பாசமும் அவரைச் சுற்றியே சுழல்கின்றன. இறுதியில் அவர் உயிர் பிரிவது பாண்டின் கைகளில். 77 வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்திய அந்தப் படம்தான் 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் பாண்ட் படம்.

‘மிஸஸ் பிரவுன்’ (1997) கதை இன்னும் அதிகம் சொல்கிறது. கணவரை இழந்து துக்கத்தில் உறைந்துபோன விக்டோரியா மகாராணிக்கும், ஸ்காட்லாந்துக் குதிரைக்காரர் ஜான் பிரவுனுக்கும் இடையிலான நட்பை பிபிசி ஒரு தொலைக்காட்சிப் படமாகத்தான் எடுத்தது. அமெரிக்காவின் மிராமாக்ஸ் நிறுவனம் அதை வாங்கித் திரையரங்குக்குக் கொண்டுபோனதால்தான் டென்ச்சுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மிராமாக்ஸை நடத்திய ஹார்வி வைன்ஸ்டீன், பாலியல் குற்றங்களுக்காகப் பின்னாளில் தண்டிக்கப்பட்டவர். நாற்பதாண்டு அனுபவம் உள்ள ஒரு நடிகையின் திரை வாழ்வுக்கான சாவி அப்படிப்பட்ட ஒரு தனிமனிதரின் சட்டைப் பையில் இருந்தது என்பது, அந்தத் தொழில் எவ்வளவு கோணலாகக் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு வலுவான சாட்சி.

அடுத்த ஆண்டு ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’. முதலாம் எலிசபெத் ராணியாக அவர் திரையில் தோன்றுவது எட்டு நிமிடங்கள் அளவுக்குத்தான். கடைசியில் ராணி அரங்கைவிட்டு வெளியே வருகிறார். பாதையில் சேற்றுத் தண்ணீர். பிரபுக்கள் மேலங்கியைக் கழற்றி விரிப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்குகிறார்கள். ராணி அவர்களைப் பார்க்கிறார். காலம் கடந்துவிட்டது என்பதாக முணுமுணுத்துவிட்டுச் சேற்றிலேயே மிதித்து நடந்து போய்விடுகிறார். களைப்பு, அலட்சியம், ஆளுமை மூன்றும் அந்த நடையில் தெரியும். துணை நடிகைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது மிகப் பொருத்தம்.

ஆனால் வரிசையைப் பாருங்கள். விக்டோரியா மகாராணி இரண்டு முறை, எலிசபெத் ராணி ஒரு முறை, உளவுத்துறைத் தலைவர், லேடி பிராக்னெல், லேடி கேத்தரின். அறுபதைத் தாண்டிய பெண் திரையில் நடமாட வேண்டுமென்றால் தலையில் மகுடமோ, பெயருக்கு முன்னால் பட்டமோ, கையில் அதிகாரமோ இருந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகவே இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் மூதாட்டி, ஓய்வூதியத்தில் மாதக்கடைசியை எண்ணும் மூதாட்டி, பழைய தவறு ஒன்றால் தூக்கம் கெட்டுக் கிடக்கும் மூதாட்டி ஆகியோரின் கதைகளை எழுத ஆளில்லை.

எழுதியபோது என்ன நடந்தது? ‘நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்’ (2006) படத்தின் பார்பரா, லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியை. தனிமை முற்றிக் கசப்பாகி, இளைய சக ஆசிரியை ஒருவரின் ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு அவரைத் தன்னிடம் கட்டிப்போடப் பார்ப்பவர். வயதான பெண் என்றாலே அன்பே உருவானவர் என்ற கற்பனையை டென்ச் அதில் தூள் தூளாக்கினார். ‘ஃபிலோமினா’ (2013) நேர் எதிர்த்திசை. திருமணமாகாத தாய் என்பதற்காக அயர்லாந்தின் கன்னியர் மடத்தில் அடைக்கப்பட்டு, பிள்ளையை அமெரிக்கத் தம்பதிக்குப் பறிகொடுத்த ஓர் ஓய்வுபெற்ற செவிலியின் உண்மைக் கதை. விமான நிலையத்தில் அவர் தாம் படித்த காதல் நாவலின் கதையை ஒன்றுவிடாமல் பத்திரிகையாளரிடம் ஒப்பிக்கிறார். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருகிறது. அதே பெண், பிள்ளையைத் தன்னிடமிருந்து மறைத்த கன்னியாஸ்திரியின் முன் நின்று மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்போது, கோபத்தில் கொதிக்கும் பத்திரிகையாளர் சின்னவராகிப் போகிறார். 1 கோடியே 20 லட்சம் டாலரில் எடுத்த படம் சுமார் 10 கோடி டாலர் வசூலித்தது.

வயதானவர்களின் கதை ஓடாது என்ற வணிகர் வாதத்துக்கு ‘தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்டு ஹோட்டல்’ இன்னும் தெளிவான பதில். சுமார் 1 கோடி டாலர் செலவு, 13 கோடிக்கு மேல் வரவு. கணவர் விட்டுப்போன கடனுக்காக வீட்டை விற்றுவிட்டு ஜெய்ப்பூருக்கு வரும் விதவை ஈவ்லின்தான் டென்ச். கணவர் பெயரிலிருந்த இணைய இணைப்பு பற்றி அவர் தொலைபேசியில் பேச, எதிர்முனையிலிருந்து இணைப்புக்கு உரியவரிடம்தான் பேச முடியும் என்கிறார்கள். அவர்தான் இறந்துவிட்டாரே என்று இவர் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதான எத்தனையோ பேர் அன்றாடம் படும் பாடு அது. இந்தப் படத்தில் இந்தியா வண்ணத் திரைச்சீலையாகத்தான் தொங்குகிறது என்ற குறையில் நியாயம் உண்டு. ஆக்ராவிலிருந்து போய் ராணிக்கு உருது கற்றுக்கொடுத்த அப்துல் கரீமின் கதையான ‘விக்டோரியா அண்ட் அப்துல்’ மீதான குறை இன்னும் கனமானது. ராணியை அவருடைய அரண்மனையிலேயே மிக நல்லவராகக் காட்டி, அவர் பெயரில் நடந்த சுரண்டலை அந்தப் படம் மிக எளிதாகக் கடந்துவிடுகிறது. டென்ச்சின் நடிப்பைக் கொண்டாடுபவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டென்ச்சே சாதித்துவிட்டார், இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் வந்த ‘நத்திங் லைக் எ டேம்’ ஆவணப்படத்தில் டென்ச்சோடு உட்கார்ந்து பேசும் மூன்று மூத்த நடிகையரில் ஒருவரான ஜோன் ப்ளோரைட், ஜூடி டென்ச் கைவைக்காத சின்ன வேடமாகப் பார்க்கிறோம் என்று அமெரிக்க முகவர் சொன்னதாகச் சொல்லிச் சிரிக்கிறார். உடன் இருந்தவர்களும் சிரிக்கிறார்கள். உலகின் தலைசிறந்த நடிகையரில் நால்வர் ஒரே நாற்காலிக்குக் காத்திருந்ததுதான் அந்தச் சிரிப்பின் உள்ளே இருக்கும் உண்மை. அந்த வரிசைக்குள் நுழையவே முடியாதவர்களும் உண்டு. ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ (1996) படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட கறுப்பின நடிகை மரியன் ஜான்-பாப்டிஸ்ட், பிரிட்டனில் வேலை கிடைக்காமல் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய முழுத் திறமைக்கும் தீனி போட்ட பிரிட்டிஷ் வேடம் 2024-ல் ‘ஹார்டு ட்ரூத்ஸ்’ படத்தில்தான் வந்தது; அதைத் தந்தவர் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ படத்தை இயக்கிய அதே மைக் லீ. ஓர் இயக்குநருக்கு நினைவிருந்ததால் கிடைத்த வாய்ப்பை ஒரு தொழிலின் ஒழுங்கு என்று சொல்ல முடியாது.

உடல்நலம் பற்றியும் பேசியாக வேண்டும். விழித்திரை நடுப்பகுதி தேய்வு நோயால் தம் பார்வை மங்கிவருவதை டென்ச் 2012-ல் வெளிப்படையாகச் சொன்னார். திரைக்கதையைப் பிறர் வாசிக்க, கேட்டு மனப்பாடம் செய்து நடித்தார். ‘ஃபிலோமினா’வும் ‘பெல்ஃபாஸ்ட்’டும் அதற்குப் பிறகு வந்தவை. அவர் பெயருக்காகப் படக்குழுக்கள் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தன. பெயர் இல்லாத எழுபது வயது நடிகைக்கும் வசனம் வாசிக்க ஓர் ஆள், குறைந்த படப்பிடிப்பு நேரம், உட்கார இடம் ஆகியவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பெரிய படம் ஒன்றின் செலவில் இவையெல்லாம் கணக்கில் வராத தொகை.

பிரிட்டனில் இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. லாட்டரிப் பணத்தைப் படங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், பன்முகத்தன்மை அளவுகோல்களை வைத்திருக்கிறது. வயதும் அவற்றில் ஒன்று. ஆனால் மற்றவற்றை நிறைவுசெய்து வயதைத் தொடாமலே ஒரு படம் தேறிவிட முடிகிறது. அறுபது கடந்த பெண்ணை மையமாகக் கொண்ட திரைக்கதைகளுக்கு எழுதும் கட்டத்திலேயே தனி நிதி ஒதுக்க வேண்டும். வேடம் பிறப்பது எழுத்து மேசையில். நடிகர் தேர்வின்போது விழித்துக்கொள்வதில் பயனில்லை. ஒதுக்கீடு கலையைக் கெடுக்கும் என்போர், ‘மிஸஸ் பிரவுன்’, ‘ஐரிஸ்’, ‘ஃபிலோமினா’ மூன்றிலும் பிபிசியின் பொதுப்பணம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் கலையைக் கெடுக்கவில்லை.

பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31-ல் முடிகிறது. உரிமக் கட்டணம் தொடருமா, வேறு வழியில் நிதி வருமா என்ற விவாதத்தில் செய்திப்பிரிவு பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நாடகப் பிரிவும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும். 23 ஆண்டுகள் நாடாளுமன்ற அரசியலுக்காக நடிப்பை விட்டிருந்த கிளென்டா ஜாக்சன், ‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’ படத்தில் மறதி நோயோடு தோழியைத் தேடும் மூதாட்டியாகத் திரைக்குத் திரும்பியது 2019-ல் பிபிசியில்தான். ஆண்டுதோறும் இத்தனை தனி நாடகங்கள் எடுத்தாக வேண்டும் என்ற கடமையைப் புதிய சாசனத்திலேயே எழுதி, அதற்கான நிதியைச் செய்திப்பிரிவோ விளையாட்டு ஒளிபரப்போ தொட முடியாதபடி பிரிட்டிஷ் அரசு தனியே ஒதுக்க வேண்டும்.