பொட்டலம் பிரித்தது போதும், கட்டு அமைக்கப் பழகுவோம்

பள்ளி முடிந்த மாலை வேளைகளில் அட்டை விளையாட்டுக் கடைகளில் இளையர் கூட்டத்துக்குக் குறைவில்லை. போக்கிமான், யூ-கி-ஓ, மேஜிக் என ஆட்டம் எதுவானாலும் அங்கு இரண்டு வகை மாணவர்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர், கைச்செலவுப் பணத்தில் பூஸ்டர் பொட்டலம் வாங்கி, “இன்றாவது நல்ல அட்டை வருமா?” என்று படபடப்போடு பிரிப்பவர்கள். இன்னொரு வகையினர், இருக்கும் அட்டைகளை மேசையில் பரப்பிவைத்து, எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள்.

முதல் வகையினர் அதிகம் செலவழிக்கிறார்கள். இரண்டாம் வகையினர் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். மாணவர்கள் பொட்டலம் பிரிப்பதைக் குறைத்துக்கொண்டு, போட்டிக்கு ஏற்ற கட்டு ஒன்றைத் தாங்களே அமைக்கப் பழகவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ‘மேஜிக்: த கேதரிங்’ ஆட்டத்தில் ‘அஃபினிட்டி’ என்று அழைக்கப்படும் ஆர்ட்டிஃபாக்ட் கட்டு.

இந்த ஆட்டத்தை 1993ல் உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விதிகள் சுருக்கமாக இவை: பொதுவாகக் குறைந்தது 60 அட்டைகள் கொண்ட கட்டு, அடிப்படை நிலங்களைத் தவிர வேறு எந்த அட்டையும் 4 பிரதிகளுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். சுற்றுக்கு ஒரு நிலம் வைக்கலாம். நிலம் தரும் ‘மானா’தான் மற்ற அட்டைகளை விளையாடுவதற்கான செலவுப் பணம். ஆர்ட்டிஃபாக்ட் என்பது இயந்திரங்கள், மந்திரக் கருவிகள் போன்றவற்றைக் குறிக்கும் அட்டை வகை.

2003ல் வெளிவந்த ‘மிரடின்’ தொகுப்பு இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தது. ஒன்று, நிலமாகவும் ஆர்ட்டிஃபாக்ட்டாகவும் ஒரே நேரத்தில் கணக்கில் வரும் அட்டைகள். மற்றொன்று அஃபினிட்டி: உங்கள் பக்கத்தில் எத்தனை ஆர்ட்டிஃபாக்ட் இருக்கிறதோ, அத்தனை மானா விலையில் குறையும்.

இதைக் கணக்காகப் பாருங்கள். முதல் சுற்றில் ஓர் ஆர்ட்டிஃபாக்ட் நிலம், அதன் மானாவில் 1 விலையுள்ள ஒரு சிறு கருவி. இரண்டாம் சுற்றில் இன்னொரு ஆர்ட்டிஃபாக்ட் நிலம். ஆக மொத்தம் 3 ஆர்ட்டிஃபாக்ட். ‘ஃப்ராக்மைட்’ என்ற உயிரினத்தின் விலை 4. இப்போது அது 1 மானாவுக்கு இறங்கும். அதுவும் ஆர்ட்டிஃபாக்ட் என்பதால் எண்ணிக்கை 4 ஆகிவிடுகிறது. கையில் இரண்டாவது ஃப்ராக்மைட் இருந்தால் அது இலவசம். எண்ணிக்கை 5. மிச்சமிருக்கும் ஒரு நீல மானாவுக்கு, 5 மானா விலையுள்ள ‘தாட்காஸ்ட்’ அட்டையை விளையாடி மேலும் 2 அட்டைகள் எடுக்கலாம். எதிராளி 2 மானாவில் ஒரு சிறு உயிரினத்தை இறக்கியிருக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

ஃப்ராக்மைட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால், 4 மானா விலைக்குத் தாக்குதல் 2, தாங்குதிறன் 2 என்பது சுமாரான அட்டைதான். வேறு கட்டில் அதற்கு இடமே கிடைக்காது. இங்கு அது பலம் பெறுவதற்குக் காரணம் சுற்றியிருக்கும் மற்ற அட்டைகள். எனவே இந்தக் கட்டை அமைப்பவர் ஒவ்வோர் அட்டையிடமும் கேட்கவேண்டிய கேள்வி, “நீ தனியாக எவ்வளவு பலசாலி?” என்பதைவிட, “நீ வந்தால் மற்றவற்றுக்கு என்ன பயன்?” என்பதே. குழுப் பணிக்கு ஆள் சேர்க்கும்போதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி அது.

அடுத்த பாடம் கழித்தல். பிடித்த அட்டைகளையெல்லாம் சேர்த்துக் கட்டு 70 அட்டைகளாக வீங்குவது புதியவர்களுக்கு வழக்கம். நிகழ்தகவு அதை மன்னிப்பதில்லை. 60 அட்டைக் கட்டில் ஓர் அட்டையின் 4 பிரதிகள் இருந்தால், தொடக்கக் கையின் 7 அட்டைகளில் அதில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 40 விழுக்காடு. ஒரே பிரதி என்றால் 12 விழுக்காட்டுக்கும் குறைவு. வகுப்பில் சேர்மானம் படிக்கும்போது “இது எங்கே உதவப்போகிறது?” என்று கேட்பவர்கள், இந்த எண்களைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பாடம், பலம் எதுவோ அதுவே பலவீனமும் ஆகும் என்பது. நிலமும் ஆர்ட்டிஃபாக்ட்டாக இருப்பதால், ஆர்ட்டிஃபாக்ட்டை அழிக்கும் அட்டைகள் உங்கள் நிலத்தையும் அழிக்கும். ‘கொரில்லா ஷாமன்’ என்ற சிறு உயிரினம், 1 மானாவுக்கு ஒன்று வீதம் இந்த நிலங்களைத் தின்றுவிடும். 2021ல் வந்த ‘பிரிட்ஜ்’ நிலங்களை இப்படி அழிக்கமுடியாது. ஆனால் அவை வந்த சுற்றிலேயே மானா தருவதில்லை. பாதுகாப்பு வேண்டுமா, வேகம் வேண்டுமா? எத்தனை வேகமான நிலம், எத்தனை பிரிட்ஜ் என்பதை உங்கள் கடையில், உங்கள் நண்பர்கள் எதை விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் முடிவெடுக்கமுடியும். 15 அட்டைகள் கொண்ட சைட்போர்ட்டை அமைப்பதும் அப்படித்தான்.

“நல்ல கட்டுக்குப் பணம் வேண்டுமே!” என்பார்கள். சில போட்டிப் பிரிவுகளில் அது உண்மைதான், மறுக்கமுடியாது. ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. அஃபினிட்டி அளவுக்கு மீறி வென்றதால், 2005 மார்ச்சில் ‘ஸ்டாண்டர்ட்’ பிரிவில் 8 அட்டைகள் ஒரே நேரத்தில் தடைசெய்யப்பட்டன. அவற்றில் அரிய அட்டை ‘ஆர்க்பவுண்ட் ராவேஜர்’ ஒன்றுதான். மற்ற 7 அட்டைகளும், 6 நிலங்கள் உட்பட, பொட்டலங்களில் மிகச் சாதாரணமாகக் கிடைத்த ‘காமன்’ வகை.

காமன் அட்டைகளை மட்டுமே அனுமதிக்கும் ‘பாப்பர்’ பிரிவு 2019ல் அதிகாரபூர்வ அங்கீகாரம் பெற்றது. அஃபினிட்டி அங்கும் வலுவான கட்டுதான். அதற்கு வேண்டிய அட்டைகளில் பெரும்பாலானவை கடையில் தனித்தனியாக, சில்லறைக் காசுக்கோ ஓரிரு வெள்ளிக்கோ கிடைக்கக்கூடியவை. பொட்டலத்தோடு இதை ஒப்பிடுங்கள். ஒரு தொகுப்பில் 60 வகை அரிய அட்டைகள் இருப்பதாகவும், பொட்டலத்துக்கு ஒன்று வருவதாகவும் வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடும் அட்டை ஒரு பொட்டலத்தில் இருக்க 60ல் ஒரு வாய்ப்பு. 10 பொட்டலம் பிரித்த பிறகும் அது கிடைக்காமல் போகும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல். “அடுத்ததில் வரும்” என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்டைகளை முதலீடாகப் பார்ப்பவர்களுக்கும் மேலே சொன்ன தடைப் பட்டியல் ஓர் எச்சரிக்கை. பாப்பரிலும் அஃபினிட்டிக்கு உதவிய ‘அடோக்’ 2022லும் ‘ஆல் தட் கிளிட்டர்ஸ்’ 2024லும் தடைசெய்யப்பட்டன. விதி மாறினால் அட்டையின் மதிப்பும் மாறும். விதி மாறிய மறுநாள் கட்டை மீண்டும் அமைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் நட்டம் குறைவு.

“இணையத்தில் வென்ற கட்டுகளின் பட்டியல் கிடைக்கிறதே, அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். தொடக்கத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் பத்து ஆட்டங்கள் ஆடிய பிறகு அதில் இரண்டு அட்டைகளை மாற்றுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவையுங்கள். காரணம் சொல்லமுடியவில்லை என்றால், விடையை மட்டும் பார்த்து எழுதிய கணக்கைப்போலத்தான் அந்தக் கட்டும்.

பெற்றோரின் கவலை வேறு: நேரம், படிப்பு. அது நியாயமான கவலை. வாரத்துக்கு ஒரு மாலை, மாதத்துக்கு இவ்வளவு வெள்ளி என்று வரம்பு வைத்துக்கொண்டு, அதைப் பெற்றோரிடமே சொல்லிவிடுவது நல்லது. வரம்பைச் சொல்லமுடியாத பொழுதுபோக்கு நம்மை ஆளத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

2008ல் கோலாலம்பூரில் நடந்த ‘புரோ டூர்’ போட்டியில் வீரர்கள் யாரும் வீட்டிலிருந்து கட்டு கொண்டுவரவில்லை. அங்கேயே பிரித்த பொட்டலங்களிலிருந்து மாறி மாறி அட்டைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக்கொண்டே கட்டு அமைத்து ஆடினார்கள். ஜான் ஃபிங்கல் வென்றார். யாருடைய சேகரிப்பு பெரியது என்பதற்கு அங்கே வேலையில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அட்டை விளையாட்டுக் குழு நடத்தும் மாணவர்கள் இதைப் பின்பற்றலாம். காமன் அட்டைகள் மட்டும், ஒரு கட்டுக்கு மொத்தச் செலவு 50 வெள்ளிக்குள் என்று விதி வைத்து ஒரு போட்டி நடத்திப் பாருங்கள். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவரும், வசதியான வீட்டு மாணவரும் ஒரே மேசையில் சமமாக உட்காரமுடியும். வரும் பள்ளி விடுமுறைக்குள் உங்கள் குழுவில் இந்த யோசனையை முன்வையுங்கள். அடுத்த பொட்டலத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஆர்ட்டிஃபாக்ட் நிலங்கள் நான்கை வாங்கி, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.