மறுபடி இன்ஸ்டால் செய்வது மருந்தல்ல

கம்பைல் சிக்கலில்லாமல் முடிந்து, கடைசிக் கட்டத்தில் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று மறித்தால், பலரும் அந்த லைப்ரரியை இன்னொரு தடவை இன்ஸ்டால் செய்கிறார்கள். பல நேரங்களில் இது நோயை வளர்க்கிற வேலை. லைப்ரரி இல்லாததால் அல்ல, இரண்டு பதிப்புகள் இருப்பதால் வந்த பிழை அது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியையே பாருங்கள். 2021-இல் வந்த 3.0 பதிப்பு, 'எஸ்எஸ்எல்_கெட்_பியர்_சர்டிஃபிகேட்' என்ற பழைய ஃபங்ஷனை ஹெடரிலேயே 'எஸ்எஸ்எல்_கெட்1_பியர்_சர்டிஃபிகேட்' என்ற புதுப் பெயருக்குத் திருப்பிவிடுகிறது. ஹெடர் 3.0-இலிருந்தும் லைப்ரரி 1.1.1-இலிருந்தும் வந்தால், புரோகிராமர் எழுதவே எழுதாத பெயரை லிங்கர் தேடித் திண்டாடும். புரோகிராமைத் திருத்தி என்ன பயன்? லிங்கர் எந்த ஃபோல்டரிலிருந்து எந்தக் கோப்பை எடுத்தது என்று அதனிடமே கேட்பதுதான் முதல் வேலை. அந்த விவரத்தை வரிவரியாகச் சொல்லும் வசதி அதில் உண்டு. ஏனோ யாரும் கேட்பதில்லை.

லினக்ஸ் தரும் பதிப்பு பழசாக இருக்கிறதே என்பார்கள். நியாயம்தான். புதியதைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஹெடர், லைப்ரரி இரண்டின் பாதையையும் அதற்கே காட்டலாம். ஒன்றை மட்டும் காட்டுவதில்தான் வினையே. எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக உள்ளே சேர்த்துவிட்டால் தொல்லை தீராதா என்றும் கேட்கலாம். மோதல் குறையும், உண்மை. ஆனால் 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பொது லைப்ரரியை நம்பிய புரோகிராம்களில் ஓட்டையை அடைக்க அந்த லைப்ரரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்வதே போதுமாக இருந்தது. உள்ளே சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருந்தது.